வேரோடு நீக்கு

ஒரு எடிட்டரைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய நாளுக்கு வருசா வருசம் மேளம் அடித்துக் கொண்டாடுகிற ஊர் உலகத்திலேயே சங்குமுனை ஒன்றாகத்தான் இருக்கும். அந்த விழா வந்தாலே பிலோமிக்கு எரிச்சலாக வரும். குடிநீர் நிலையத்து வாசலில் பந்தல் போட்டு, பெரிய திரை கட்டி, காலையிலிருந்தே ஒலிபெருக்கியில் காதைக் கிழிப்பார்கள். நிலையத் தலைவர் தங்கப்பழம் சலவை வேட்டியில் வந்து, கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கறுப்புத் திரையில் ஒரே ஒரு கேள்வியைத் தட்டுவார். இந்த இயந்திரத்தில் எடிட்டர் எதுவும் இருக்கிறதா? 'நிறுவப்படவில்லை' என்று பதில் வரும். உடனே குலவை, வெடி, ஆளுக்கொரு லட்டு. 'இதுக்கு இம்புட்டு அலட்டலாக்கும்' என்று வாய்க்குள் முனகிக்கொண்டே பிலோமியும் லட்டை வாங்கிக்கொள்வாள். அந்த நிலையத்தில் அவள் ஆபரேட்டர். வராமல் இருக்க முடியாது.

அலட்டலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிலத்தடி நீரெல்லாம் உப்பாகிப் போனபின் சங்குமுனைக்கு லாரித் தண்ணீர்தான். காசு கொடுத்தவன் தெருவுக்கு லாரி போகும், இல்லாவிட்டால் கை ஓங்கியவன் தெருவுக்குப் போகும். கடைசியில் லாரிக் கலவரம் வந்து மண்டைகள் உடைந்தன, உயிர்களும் போயின. அதற்குப் பிறகுதான் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது. அந்த நீரைத் தெருவுக்குத் தெரு பங்கு போட நடுவர் என்கிற இயந்திரமும் வந்தது. பங்கு விதிகள் நடுவருக்குள் ஒரு கோப்பில் இருக்கும். அதைத் திறந்து எழுத எடிட்டர் என்கிற மென்பொருள் வேண்டும். எடிட்டரே இல்லாவிட்டால் எந்தப் பயலும் உள்ளே கை வைக்க முடியாதல்லவா? ஆகவே எடிட்டர் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மீறி நிறுவினால் நேரே ஜெயில். சங்குமுனைக்காரர்கள் தங்கள் தண்ணீருக்கு வைத்த பெயரே 'கை படாத தண்ணி'.

முதல் நாளன்று விதிகளை ஊர் முன்னால் உரக்கப் படித்தார்கள். எல்லாத் தெருவுக்கும் சம பங்கு. எங்காவது குழாயில் கசிவு இருந்தால் நடுவரே கண்டுபிடித்து அந்தத் தெருவுக்குக் குறைத்துக்கொள்ளும். படித்து முடித்து, பந்தி போட்டுச் சாப்பிட்டு, அதற்குப் பிறகு மேடையில் ஒரு இளைஞன் எல்லோரும் பார்க்க எடிட்டரை நீக்கினான். அந்த இளைஞன் பிலோமியின் அண்ணன் கஸ்பார். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிற போட்டோ இன்றைக்கும் நிலையத்து வாசலில் தொங்குகிறது.

இப்போது அந்தக் கஸ்பாருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன.

டயாலிசிஸ் சென்டர் உப்புக்கிடங்குத் தெருவின் கடைசியில் இருந்தது. ஒரு அறக்கட்டளை தர்மத்துக்கு நடத்துவது. இருந்து இருந்து அந்தத் தெருவில் ஏன் கட்டினார்கள் என்றால், அங்கேதான் இடம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. மற்ற தெருக்களில் காலையும் மாலையும் குழாய் கொட்டும். இங்கே உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் நூல் மாதிரி வரும், பிறகு நின்றுவிடும். குழாயில் கசிவு, அதனால் நடுவர் பங்கைக் குறைத்துவிட்டது என்றார்கள். ரோட்டைத் திரும்பத் திரும்பத் தோண்டியும் கசிவு அகப்படவில்லை. அப்போதும் ஒருவரும் நடுவரைச் சந்தேகப்படவில்லை. அந்தத் தெருவில்தான் என்னமோ கோளாறு என்று பேசினார்கள். குழாயைப் பற்றி ஆரம்பித்த பேச்சு மெல்ல மனிதர்கள் மேல் ஏறிக்கொண்டது. தண்ணீர் இல்லாத தெருவுக்கு யார் பெண்ணைக் கொடுப்பார்கள்? அங்கேயிருந்து எடுக்கவும் ஊர் யோசித்தது. சென்டரின் சீனியர் நர்ஸ் முத்துக்கனிக்கு இரண்டு தடவை நிச்சயம் ஆகி இரண்டும் முறிந்துவிட்டன. அவள் தங்கப்பழத்தின் ஒரே மகள். அவர்கள் வீடும் இந்தத் தெருவில்தான்.

விழாப் பந்தலைப் பிரித்த மறுநாள், கஸ்பாரின் கையில் ஊசியைக் குத்தி டேப்பை ஒட்டிக்கொண்டே முத்துக்கனி சொன்னாள். "அண்ணாச்சி, வார திங்கக்கெழமையிலருந்து ஒங்களுக்கு வாரம் ஒரு தடவதான்."

"என்னது?"

"இம்புட்டு நாளா சென்டருக்கு ஊத்துன லாரிக்காரன் இனிமே தண்ணி தர மாட்டேன்னுட்டான். ஒரு ஆளுக்கு ரத்தம் சுத்தம் பண்ண எத்தன குடம் வேணும்னு தெரியும்லா? குழாய்ல வாரத வச்சு எல்லாருக்கும் ஓட்ட முடியாது. புள்ளகுட்டி உள்ளவியளுக்கு மூணு தடவ. மத்தவியளுக்கு ஒண்ணு."

"கல்யாணம் காட்சி இல்லாதவன் செத்துத் தொலையணுமாக்கும்?"

"நா சொல்லல. டாக்டர் சொன்னாவ."

"ஒங்க தெருக்காரனுவ நாலு குடம் கம்மியாப் புடிச்சா எங்களுக்கு ஓட்டலாம்லா?" என்றான் கஸ்பார். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமிக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

முத்துக்கனி டேப்பைக் கொஞ்சம் அழுத்தியே ஒட்டினாள். "எங்கம்மா செத்தன்னைக்குக் குளிப்பாட்டத் தண்ணி இல்லாம பக்கத்துத் தெருவுல போய்க் கையேந்துனோம். நீங்க குறைக்கச் சொல்லுதிய. எதக் குறைக்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"வாயப் பாத்தியா? இந்தத் தெருவுக்கே கொழுப்பு ஜாஸ்தி," என்றான் கஸ்பார். அவன் இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையில் சுண்டுவிரல் கிடையாது. முத்துக்கனி ஒருமுறை கேட்டபோது, படகில் வலை இழுக்கிற விஞ்ச்சில் மாட்டிப் போய்விட்டது என்று சொல்லியிருந்தான். நிலையத்தில் வேலைக்குச் சேரும்போதும் அதையேதான் சொன்னான். உண்மையில் அது லாரிக் கலவரத்தில் போனது. லாரி மேல் ஏறி வால்வைத் தங்கள் தெருப்பக்கம் திருப்பப் போனவன் கைமேல் இந்த உப்புக்கிடங்குத் தெருக்காரர்கள் வால்வுப் பெட்டியின் இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள். கலவரத்தில் நின்றவனுக்கு நிலையத்தில் வேலை கிடையாது என்பதால் வீட்டோடு அதை மூடி மறைத்தார்கள்.

வாரம் ஒரு தடவை என்றால் கஸ்பார் எத்தனை நாள் தாங்குவான் என்று பிலோமி டாக்டரைத் தனியாகக் கேட்டாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஊர்ல சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வைங்க," என்றார்.

பிலோமியின் புருசன் கப்பலில் வேலை பார்த்தான். கஸ்பார் அவள் வீட்டுப் பின்னறையில்தான் கிடந்தான். வீட்டுக்கு வந்து, வீங்கின காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடி அவன் சொன்னான். "ஏட்டி, ஒரு எடிட்டரப் போட்டு ஒரு வரி எழுதணும்."

பிலோமி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "ஒனக்குக் கிறுக்கா? நா ஜெயிலுக்குப் போவேன்."

"நா கல்லறைக்குப் போனா பரவாயில்ல, என்ன? அந்த வேலையே நா போட்ட பிச்சதான். நா சீக்குல விழுந்ததாலதான ஒனக்குக் கெடச்சுது? எஞ்சீக்கத் தின்னுக்கிட்டு இருக்கவ, எனக்கு ஒரு வரி எழுத மாட்டியோ?"

இப்படித்தான் பேசுவான். குத்துகிற இடம் பார்த்துக் குத்துவான். 'சாவட்டும்' என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்த மறுகணமே அவன் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அப்பா கடலோடு போனபின் அவளைப் படிக்க வைத்தவன் இவன்தான். வேறு நாதியில்லை.

"எடிட்டருக்கு எங்க போவ?"

"அதான் பேக்கேஜ் மேனேஜர் இருக்கே. கடைக்காரன் மாதிரி அது. நிறுவுன்னு சொன்னா குடோன்ல இருந்து கொண்டாந்து மாட்டும். நீக்குன்னு சொன்னா கழட்டும். எடிட்டரக் கழட்டுனதுக்குத்தான் மேளம் அடிக்கானுவ. குடோன எவன் போய்ப் பாத்தான்? அது பாட்டுக்கு உள்ளயே கெடக்கு."

"நா போட்டது தெரிஞ்சிராதா?"

"வருசத்துக்கு ஒருக்கா கேக்கது ஒரே கேள்வி. எடிட்டர் இருக்கான்னு. இல்லன்னு சொல்லும். கைதட்டு, லட்டு, போயிருவானுவ." கஸ்பார் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான். "ஆனா ஒண்ணு. முடிச்சதும் வெறும் 'நீக்கு'ன்னு போட்டுட்டு வந்துராத. 'வேரோடு நீக்கு'ன்னு போடணும். வெறும் நீக்குன்னா ஆளத்தான் வெளிய அனுப்பும். அவன் கழட்டிப் போட்ட சட்ட ஆணியிலயே தொங்கும்."

"சட்டையா?"

"எழுத்து என்ன கலர்ல தெரியணும், எந்தச் சாவிய அமுக்குனா சேவ் ஆவணும்னு அவனவன் வசதிக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருப்பாம்லா. அது போவாது. வேரோடன்னாத்தான் அதுவும் போவும். மறந்துராத."

இவ்வளவு கணக்காக இவனுக்கு எப்படித் தெரியும் என்று பிலோமி நினைத்தாள். பழைய ஆபரேட்டர்தானே, தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"கோப்பத் தொறந்ததும் நேரா கடைசிக்குப் போ. 'டயாலிசிஸ் சென்டர், முழுப் பங்கு.' அவ்வளவுதான். மேல இருக்கது ஒண்ணையும் படிக்காத."

"ஏன்?"

"படிச்சா பயந்து நடுங்குவ. ஒனக்குத் தைரியம் பத்தாது."

"எழுதறதுதான் எழுதுதோம், அந்தத் தெருவுக்கே சேத்து எழுதிட்டா என்ன? பாவம், அந்தப் புள்ள..."

"தெருவுக்கா?" கஸ்பார் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கண் சிவந்து, நெஞ்சு ஏறி இறங்கியது. "அவனுவளுக்கு எதுக்குட்டி தண்ணி? ஒரு சொட்டு போவக்கூடாது. சென்டருக்கு மட்டும் எழுது. சத்தியம் பண்ணு."

இருமலில் அவன் சுருண்டு விழுந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் பிலோமி சத்தியம் பண்ணினாள்.

மறுநாள் நிலையத்தில் தங்கப்பழத்துக்கு அவள் முகமே பிடிக்கவில்லை. அவருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பரீட்சை எழுதாமல் அண்ணன் சீக்கில் விழுந்த கருணைக்கு வந்தவள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவார். அன்றைக்கும், "என்ன காலையிலருந்து பேயறஞ்ச மாதிரி இருக்க? கண்ணு சுவர்ல இருக்கு, வேல எப்படி ஓடும்?" என்று எரிந்து விழுந்தார். உச்சிவேளை நெருங்கியதும் சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார். மனைவி போனபின், மகள் டூட்டியில் இருக்கும் நாளெல்லாம் அவர்தான் தெருக்குழாயில் போய் நிற்பார். ஒரு ஊருக்கே தண்ணீர் அனுப்புகிற நிலையத்தின் தலைவர்!

பிலோமிக்கு அன்றைக்கு என்னவோ கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணாச்சி, இங்கருந்தே ரெண்டு குடம் புடிச்சிட்டுப் போனா யாரு கேக்கப் போறா?"

தங்கப்பழம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கை படாத தண்ணிம்மா இது. எங்கை மட்டும் படலாமோ? நடுவர் எங்க தெருவுக்குக் கால் பங்குன்னு சொல்லுதுன்னா அதுல ஒரு நியாயம் இருக்கும். எங்களுக்குத் தெரியாத தப்பு ஏதோ எங்க பக்கம் இருக்கு. அது தெரியுற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு வாங்கிக்கிடணும். ஒம்புத்தி போவுது பாரு." சைக்கிளை உதைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன சத்தம் அடங்கியதும் பிலோமி கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். பராமரிப்புச் சாவியைச் செருகினாள். கறுப்புத் திரை வந்தது. அவசரத்தில் 'நிறுவு' என்கிற ஒரு சொல்லையே இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். எடிட்டரின் பெயர், என்டர்.

அண்ணன் சொன்ன மாதிரியே குடோனிலிருந்து அது வந்தது. பிரிக்கிறேன் என்றது, மாட்டுகிறேன் என்றது. பிறகு ஒரு கேள்வி கேட்டது. 'இந்த எடிட்டருக்கு ஏற்கெனவே ஒருவர் செய்துவைத்த அமைப்பு இங்கே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளவா?'

ஆணியில் தொங்குகிற சட்டை! எவனோ வேரோடு கழற்றாமல் போயிருக்கிறான். யோசிக்க நேரமில்லை. ஆம் என்று தட்டிவிட்டுக் கோப்பைத் திறந்தாள்.

கடைசிக்குப் போகச் சொல்லியிருந்தான். அதற்கு முதல் வரியிலிருந்து இறங்கிப் போக வேண்டும். ஆனால் கோப்பு முதல் வரியில் திறக்கவில்லை. சில எடிட்டர்களில் அப்படி ஒரு வசதி உண்டு. போன தடவை எழுதினவன் எந்த வரியில் விட்டுப் போனானோ, அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்தும். மஞ்சள் எழுத்துகளுக்கு நடுவில் கர்சர் துடித்துக்கொண்டு நின்ற வரியை, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பிலோமி படித்துவிட்டாள்.

'உப்புக்கிடங்குத் தெரு: கசிவு உண்டு. கால் பங்கு.'

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கசிவை நடுவர்தானே கண்டுபிடிக்கும்? கண்டுபிடித்தால் அது தன் கணக்கில் வைத்துக்கொள்ளும், விதிக் கோப்பில் எழுதாது. எழுதவும் அதற்குத் தெரியாது. மேலே போய்ப் பார்த்தாள், கீழே போய்ப் பார்த்தாள். வேறெந்தத் தெருவுக்கும் தனி வரி இல்லை. எல்லாத் தெருவுக்கும் சம பங்கு என்று அன்றைக்கு உரக்கப் படித்தார்களே, அதேதான் இருந்தது. இந்த ஒரு வரியை அன்றைக்கு யாரும் படிக்கவில்லை. படித்து முடித்த பிறகு, எடிட்டரை நீக்குவதற்கு முன்னால், ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எவனோ ஒருத்தன் கையால் அடித்திருக்கிறான்.

அடப்பாவி! எவன் அவன்? வந்த வேலை மறந்துபோய் அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் உடனே ஒரு தடவை சேமித்துக்கொள்கிற பழைய பழக்கத்தில், இடது சுண்டுவிரலால் கன்ட்ரோல் சாவியை அமுக்கிக்கொண்டு எஸ்ஸைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமுக்கினாள். திரையின் அடியில் ஒரு மஞ்சள் வரி எழுந்தது. 'சேமிக்க எஃப் ஒன்பது.'

பிலோமி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பாலிடெக்னிக் படிக்கும்போது அவளுக்கும் அண்ணனுக்கும் ஒரே லேப்டாப். கன்ட்ரோலை அமுக்கச் சுண்டுவிரல் இல்லாத கோபத்தில் அவன் எல்லாவற்றிலும் சேவ் சாவியை எஃப் ஒன்பதுக்கு மாற்றி வைத்திருப்பான். மஞ்சள் எழுத்தும் அவன் பிடிவாதம்தான். அது தெரியாமல் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு, எழுதின ப்ராஜெக்ட் மொத்தமும் போய் அவள் அழுதிருக்கிறாள். "ஒனக்குப் பத்து வெரலு இருக்குன்னு திமிரா?" என்று அவன் அதற்கும் ஏசினான்.

மேல இருக்கது ஒண்ணையும் படிக்காத. இதற்குத்தானா? ஒரு விரலுக்காகவா ஒரு தெருவையே வருசக்கணக்கில் காயப் போட்டான்? முத்துக்கனியின் அம்மா, முறிந்துபோன இரண்டு கல்யாணம், குடம் கட்டிய சைக்கிள், எல்லாம் ஒன்றாக வந்து முட்டியது. அந்தத் தெருவின் முக்கால் பங்கு எங்கே போனது? மற்ற தெருக்களுக்கு. அவள் வீட்டு மொட்டைமாடித் தொட்டி நிரம்பிச் சாக்கடையில் வழிந்தபோது, 'தண்ணி நிறைய வருது' என்று எத்தனை தடவை சந்தோசப்பட்டிருப்பாள். தண்ணீர் இல்லாததால் இடம் மலிந்து, மலிந்ததால் அங்கே சென்டர் வந்து, கடைசியில் அந்த வரி எழுதினவனையே கழுத்தைப் பிடித்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டும் 'ஒரு சொட்டு போவக்கூடாது' என்கிறான்! கூடப் பிறந்தவன் மேல் அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

சென்டருக்கு ஒரு வரி எழுதினால் அவன் பிழைப்பான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் அவள் வந்தாள். சத்தியமும் பண்ணியிருக்கிறாள். பிலோமி அந்த வரியை எழுதவில்லை. கர்சர் நின்ற வரியை மொத்தமாக அழித்து, எஃப் ஒன்பதை ஓங்கி அடித்தாள். கீழே வால்வு அறையில் ஒரு மோட்டார் உறுமித் திரும்பியது.

இனி கழற்ற வேண்டும். 'வேரோடு நீக்கு' என்று அடித்துவிட்டு என்டருக்குப் போன விரலை நிறுத்தினாள். வேரோடு போனால் மஞ்சள் எழுத்து போகும், எஃப் ஒன்பது போகும், அண்ணன் செய்தது உலகத்தில் எங்கேயும் இருக்காது. நடுவர் கோபப்பட்டது, இப்போது இறங்கி வந்துவிட்டது என்று அந்தத் தெரு காலத்துக்கும் நம்பிக்கொண்டிருக்கும். பிலோமி 'வேரோடு' என்கிற சொல்லை மட்டும் எழுத்து எழுத்தாக அழித்தாள். மிச்சமிருந்தது 'நீக்கு'. என்டர். எடிட்டர் போய்விட்டது, சட்டை ஆணியிலேயே கிடந்தது.

தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தங்கப்பழம் ஓடி வந்தார். குடம் இல்லை, செருப்பு இல்லை. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"குழாய் நிக்கல!" என்றார். "அருவியாட்டம் கொட்டுது. எல்லா வீட்டுலயும்! தள்ளு அங்கிட்டு, யாரோ கை வச்சிருக்கான்." அவளை நாற்காலியோடு ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஈரக் கையோடு விழாக் கேள்வியைத் தட்டினார். எடிட்டர் எதுவும் இருக்கிறதா?

'நிறுவப்படவில்லை.'

தங்கப்பழம் அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "கை படல. கை படாமயே குடுத்திருக்கு. எங்க தப்பு தீந்துருச்சு போல," என்றார். அழுது முடித்ததும் அவள் அங்கே இருப்பது ஞாபகம் வந்து முகம் கடுத்தது. "நீ என்னத்தப் பாக்க? ஒங்க தெருவுக்குக் குறையுமேன்னு வயிறு எரியுதோ?"

பிலோமி குனிந்து, கீபோர்டில் சொட்டியிருந்த ஈரத்தைத் துடைத்தாள். வாயைத் திறந்திருந்தால் அங்கேயே எல்லாம் கொட்டியிருக்கும்.

கஸ்பாரிடம் அவள் வீட்டில், வேலை முடிந்தது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டயாலிசிஸ் அன்று சென்டரில் கட்டிலில் படுத்து, இரண்டு ஊசியும் ஏறி, ரத்தம் குழாய் வழியாக மெசினுக்குப் போய் வரத் தொடங்கிய பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுவில் எழுந்து போக அவனால் முடியாது. வெளியே தெருவில் பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்துக் கத்திக்கொண்டிருந்தன.

"என்னட்டி சத்தம்? சென்டருக்கு மட்டும்தான எழுதுன?"

"நா ஒரு வரியும் எழுதல. ஒரு வரிய அழிச்சேன்."

கஸ்பாரின் முகம் வெளிறியது. "எத?"

"எஃப் ஒம்பதுல சேவ் பண்ணுனத."

கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "என் வெரல எடுத்தவனுவட்டி. நா துடிச்சப்போ நின்னு சிரிச்சானுவ. பந்தியில எனக்குப் பக்கத்துல உக்காந்து அதே கையால சோத்த அள்ளித் தின்னானுவ. பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போய் எழுதிட்டேன். நா எப்படிச் சும்மா இருப்பேன்?"

"எடுத்தவன் நாலு பேரு. குளிப்பாட்டத் தண்ணி இல்லாமப் போனவ ஒன் வெரல எடுத்தாளா?"

கஸ்பார் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டான். "வேரோட நீக்குனியா?"

"இல்ல."

"பிலோமி!"

"ஆணியிலதான் தொங்குது. ஒன் மஞ்ச எழுத்து, ஒன் எஃப் ஒம்பது, எல்லாம். அடுத்த விழாவுல எடிட்டர் இருக்கான்னு கேப்பாவ. நா எந்திரிச்சு நின்னு, யாரு சட்ட கெடக்குன்னும் கேளுங்கன்னு சொல்லுவேன். நா எடிட்டர் போட்டதையும் சேத்துத்தான். எனக்கு ஜெயிலு வரும், வரட்டும். அதுக்குள்ள நீயே சொல்லிரு."

"கொலகாரி. கூடப் பொறந்தவன..."

"ஆமா," என்றாள் பிலோமி. "ஒன் தங்கச்சிதான நா."

முத்துக்கனி ஒரு சின்னத் தம்ளரோடு வந்தாள். பிலோமி அவளை அப்படி ஒரு முகத்தோடு பார்த்ததே இல்லை. தலை குளித்திருந்தாள், ஈரம் இன்னும் காயவில்லை. "அண்ணாச்சி, ஒங்க ஒடம்புக்குத் தண்ணி அளவாத்தான் குடிக்கணும். ஒரு வாய் குடிங்க. எங்க தெருக் குழாய்த் தண்ணி. நீங்க அன்னைக்கு ஏசுனத நா மனசுல வச்சிக்கல. இனிமே ஒங்களுக்கு வாரம் மூணு தடவ, டாக்டர் சொல்லிட்டாவ."

கஸ்பார் வாங்கவில்லை. அவள் நீட்டினபடியே நின்றாள்.

"என்ன தப்பு செஞ்சோம்னே தெரியாம எங்கம்மா போய்ச் சேந்துட்டா," என்றாள் முத்துக்கனி. "சாவுறப்போகூட என்கிட்ட கேட்டா, நம்ம என்னட்டி செஞ்சோம்னு. என்னமோ, நடுவர் மன்னிச்சிட்டு. குடிங்க."

கஸ்பார் பிலோமியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெளியே பிள்ளைகளின் சத்தம் அதிகமாகியிருந்தது. அவன் இடது கையை நீட்டித் தம்ளரை வாங்கினான். நான்கு விரல்களின் பிடியில் தம்ளர் சரிந்து, போர்வையில் கொஞ்சம் சிந்தியது. குடிக்கவில்லை. தம்ளரை மார்பின் மேல் வைத்துக்கொண்டு, விரல் இல்லாத இடத்தையே பார்த்தான்.

"முத்துக்கனி," என்றான். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இந்த வெரலு விஞ்ச்சுல போவல."

"அப்புறம்?" என்று கேட்டபடி முத்துக்கனி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.